சப்பு, சவை, மெல், உறிஞ்சு

ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அறுசுவை என்று ஆறு பெயர்களை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். பெயர்ச்சொற்களில் என்ன இருக்கிறது? சாப்பாட்டு விஷயத்தில் தமிழின் கைவரிசை முழுக்க வினைச்சொற்களில் இருக்கிறது. வாய் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல ஒரு கூட்டம்: கடி, கொறி, மெல், சவை, சப்பு, சூப்பு, நக்கு, உறிஞ்சு, பருகு, விழுங்கு. வாய்க்குள் போன பொருள் நம்மை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல இன்னொரு கூட்டம்: இனிக்கிறது, புளிக்கிறது, கரிக்கிறது, துவர்க்கிறது, உறைக்கிறது, அரிக்கிறது, கமறுகிறது, திகட்டுகிறது. இவற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், எதை எப்படி ருசிக்க வேண்டும் என்ற செய்முறையும் கூடவே வந்துவிடும்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டிய சில உண்டு. ‘ஒரு பிடி பிடித்தான்’, ‘வெளுத்துக் கட்டினான்’, ‘மொக்கினான்’, ‘உள்ளே தள்ளினான்’. கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் இவையெல்லாம் அளவையும் வேகத்தையும் சொல்பவை, ருசியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பசிக்கான சொற்கள், அவ்வளவுதான்.

ருசிக்கான சொற்கள் ‘சாப்பிட்டான்’ என்பதற்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ருசித்துச் சாப்பிட்டான், ரசித்துச் சாப்பிட்டான், அனுபவித்துச் சாப்பிட்டான், சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். நான்கும் ஒன்றல்ல. ‘ருசித்து’ என்றால் பாராட்டில் பாதிக்கு மேல் சமைத்தவருக்குப் போகிறது. ‘ரசித்து’ என்றால் சாப்பிடுகிறவரின் மனசுக்குப் போகிறது. வெறும் மோர் சாதத்தையும் ஒருவர் ரசித்துச் சாப்பிடலாம். ரசி என்பதன் வேர் ‘ரசம்’, அதாவது சாறு. அங்கிருந்து கிளம்பி அது பாட்டு, பேச்சு, மழை என்று எல்லாவற்றுக்கும் போய்விட்டது. ருசி அப்படி ஊர் சுற்றுவதில்லை. ‘ருசி கண்ட பூனை’ என்று உருவகமாகச் சொன்னாலும் அங்கேயும் ஒரு நாக்கு தெரிகிறது. ‘அனுபவித்து’ என்பதில் நேரம் இருக்கிறது. அவசரமாக யாரும் அனுபவித்துச் சாப்பிட முடியாது. ‘சப்புக்கொட்டி’ என்பதில் ஓசை இருக்கிறது. அந்த ஓசைக்கு ஒரு காரணமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய சொற்களில் துய்த்தல், நுகர்தல் இரண்டும் முழுமையாக அனுபவிப்பதைக் குறித்தவை. துய்த்தல் ஏட்டோடு நின்றுபோனது. நுகர்தலின் கதி வேறு. ‘நுகர்வோர்’ என்று கடைக்கணக்கில் மாட்டிக்கொண்டது ஒருபுறம். பூவை நுகர்ந்தாள் என்று முகர்தலுக்குப் பதிலாக எழுதப்படுவது மறுபுறம். மூக்கால் வாசம் பிடிப்பது முகர்தல், மோத்தல். ஐம்புலனாலும் பெற்று மகிழ்வது நுகர்தல். சாப்பாட்டைப் பொறுத்தவரை இந்தக் குழப்பம் பெரிய தவறில்லை என்றே சொல்வேன். காரணம், நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலைதான்.

சந்தேகம் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். ஆரஞ்சு மிட்டாய் ஒன்று போதும். மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிட்டாயை வாயில் போட்டு, பத்து விநாடி சப்புங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். அது ஆரஞ்சா எலுமிச்சையா என்று சொல்ல வராது. இப்போது வாயைத் திறக்காமல் மூக்கை மட்டும் விட்டு, மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். சட்டென்று ஆரஞ்சு வந்துவிடும். வாயின் பின்பக்கத்தில், அண்ணத்துக்குப் பின்னால், மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது. மெல்லும்போதும் விழுங்கிய உடனேயும் உணவின் ஆவி அந்த வழியாக மேலே ஏறுகிறது. முன்மூக்கால் முகர்வது ஒன்று, பின்வழியாக முகர்வது இன்னொன்று. ஜலதோஷம் பிடித்தால் ‘நாக்கு செத்துப்போச்சு’ என்கிறோம். நாக்கு பாவம், நன்றாகத்தான் இருக்கிறது. அடைத்துக்கொண்டது அந்தப் பின்வழி. இந்தச் சோதனையில் பலர் தவறுவது ஓரிடத்தில்: மூக்கை அரைகுறையாகப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது மிட்டாயை வாயில் போட்ட பிறகு பிடிப்பார்கள். முதலில் மூக்கு, பிறகு மிட்டாய்.

இங்கே நாக்கின் வரைபடம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும். 1901-இல் ஜெர்மனியில் ஹேனிக் என்பவர் செய்த ஆய்வில், நாக்கின் இடத்துக்கு இடம் உணர்திறனில் மிகச் சிறிய வேறுபாடு இருப்பதாகக் கண்டார். அவருடைய வரைகோடுகளை 1942-இல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் தம் நூலில் எடுத்துப் போட்ட விதத்தில், சிறிய வேறுபாடு பெரிய எல்லைக்கோடாக மாறிப்போனது. உண்மையில் சுவைமொட்டுகள் இருக்கும் எந்த இடமும் எல்லாச் சுவையையும் உணரும். ஆகவே ‘நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன்’ என்பது ருசிபார்த்தது ஆகாது. நாக்கு முழுவதும் பரவ விட வேண்டும்.

அப்படிப் பரவ விடுவதற்குத்தான் அந்த முதல் கூட்டத்து வினைச்சொற்கள்.

சப்புவது என்றால் கரைய விடுவது. சர்க்கரையோ உப்போ எச்சிலில் கரைந்தால்தான் சுவைமொட்டுக்குள் போகும். வாய் வறண்டிருந்தால் கல்கண்டும் கல்தான். மிட்டாய், வெல்லக்கட்டி, சாக்லேட் மூன்றும் சப்ப வேண்டியவை. இதில் சாக்லேட்டைக் கடிக்கிறவர்கள் பாதியை இழக்கிறார்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் உருகும். வாயின் சூடு அதைவிடச் சற்றே அதிகம். ஒரு சிறு துண்டை மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் வைத்து அசையாமல் இருந்தால் அரை நிமிடத்தில் தானே இளகி, அதில் அடைபட்டிருந்த மணம் மெல்ல மெல்ல வெளியே வரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டால் இது நடக்காது. மெழுகைத் தின்ற மாதிரிதான் இருக்கும். இருபது நிமிடமாவது வெளியே வைத்திருங்கள்.

சூப்புவதில் உறிஞ்சலும் சேர்ந்திருக்கிறது. எலும்பு, மாங்கொட்டை, முருங்கைக்காய். சவைப்பது ஈறாலும் அழுத்திச் சாறெடுப்பது. பல் முளைக்காத குழந்தை சவைக்கும். கொறிப்பது முன்பற்களின் வேலை. கடலையைக் கொறிக்கலாம், சோற்றைக் கொறித்தால் ‘என்ன கொறிச்சுக்கிட்டு இருக்க’ என்று திட்டு விழும்.

மெல்லுவதைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். வறுத்த சீரகம் நாலைந்தை வாயில் போட்டு இரண்டு தடவை மென்று விழுங்குங்கள். பிறகு அதே அளவை இருபது தடவை மென்று பாருங்கள். முதல் முறை வெறும் கரகரப்பு. இரண்டாம் முறை எண்ணெய் வெளிப்பட்டு மணம் மூக்குக்கு ஏறி, கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு நிற்கும். வெறும் சோறும் நீண்ட நேரம் மென்றால் லேசாக இனிக்கும், எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால். இதற்கு விதிவிலக்கு கேழ்வரகுக் களி. அதை மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். அங்கே ருசி குழம்புக்கு, நிறைவு களிக்கு.

உறிஞ்சுவது நாகரிகமில்லை என்று சிறுவயதிலேயே தலையில் குட்டி நிறுத்திவிடுகிறார்கள். தேயிலையைத் தரம் பார்க்கிறவர்கள் செய்வதெல்லாம் அதைத்தான். அதற்கென்றே ஓர் உலகத் தரவிதி உண்டு: ஐஎஸ்ஓ 3103-இன்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். கரண்டியில் எடுத்து ‘சுர்ர்’ என்று சத்தமாக உறிஞ்சுவார்கள். காற்றும் தேநீரும் ஒன்றாகப் போகும்போது திரவம் தூவலாகச் சிதறி நாக்கு முழுவதும் படுகிறது, ஆவியும் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. வாயும் வேகாது. காபி பார்க்கிறவர்களும் இப்படித்தான். சுமார் 70 டிகிரியில் தொடங்கி, ஆறிக்கொண்டே வரும்போது திரும்பத் திரும்ப உறிஞ்சுவார்கள். சூட்டில் மறைந்திருந்த புளிப்பும் குறைகளும் ஆறியபிறகு தலைகாட்டும் என்பதால். மட்டமான காபி ஆறிவிட்டால் குடிக்க முடியாமல் போவதன் ரகசியமும் இதுதான்.

இதற்கு நேரெதிர் அண்ணாந்து குடிப்பது. சுத்தத்துக்கு நல்லது, தண்ணீருக்குச் சரி. காபியை அண்ணாந்து குடித்தால் முன்மூக்குக்கு ஆவி வருவதில்லை, திரவமும் நாக்கைத் தாண்டி நேரே தொண்டைக்குப் போகிறது. வாசனைக்காகக் காபி குடிக்கிறவர் உதட்டில் வைத்துத்தான் குடிக்க வேண்டும். மடக்மடக்கென்றும் கூடாது. ஒரு மிடறு என்பது ஏறக்குறைய 20 மில்லி. ருசி பார்க்க அதில் பாதி போதும்.

சப்புக்கொட்டுவதற்கு இப்போது வரலாம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘ச்ச்’ என்று பிரிக்கும்போது வாய்க்குள் சிறிது காற்று இழுபடுகிறது, எச்சில் சுரக்கிறது, அண்ணத்தில் ஒட்டியிருந்தது மறுபடி நாக்கில் பரவுகிறது. விழுங்கிய பிறகு மிச்சமிருக்கும் ருசியை ஒருமுறை கிளறி எடுக்கும் வேலை அது. இதைச் சத்தமில்லாமல் செய்ய வழி உண்டு: விழுங்கியதும் உதட்டை மூடியபடி மூக்கால் நிதானமாக மூச்சை விடுங்கள். விழுங்கிய பிறகு வரும் ருசி முழுவதும் அந்த ஒரு மூச்சில் இருக்கிறது.

இனி இரண்டாவது கூட்டம். தமிழில் சுவைக்குச் சுவை தனி வினை உண்டு. ‘இது இனிப்பாக இருக்கிறது’ என்று சுற்றி வளைக்க வேண்டியதில்லை, ‘இனிக்கிறது’ என்றால் முடிந்தது. இனிக்கிறது, புளிக்கிறது, கரிக்கிறது, கசக்கிறது, துவர்க்கிறது, உறைக்கிறது. ஆறும் நாக்கில் நடக்கும் செயல்கள். ஆனால் இன்றைய உடலியல் கணக்கில் கடைசி இரண்டும் சுவையல்ல. உறைப்பு ஒரு வலி. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியைத் தட்டிவிடுகிறது. 43 டிகிரியைத் தாண்டிய சூடு தட்டிவிடுவதும் அதையேதான். 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு இதை அடையாளம் கண்டது, 2021-இல் அவருக்கு நோபல் பரிசு. ஆக ‘எரியுது’, ‘காந்துது’ என்று நாம் சொல்வது உவமையே இல்லை. மூளைக்கு இரண்டும் ஒரே சேதி. சுடச்சுடச் சாப்பிட்டால் காரம் கூடுதலாகத் தெரிவதும் இதனால்தான். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவும். பாலோ தயிரோ ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் பத்து பதினைந்து விநாடி வாய்க்குள் வைத்திருந்தால் அடங்கும்.

காரங்களுக்குள்ளும் இடம் மாறும். மிளகாய் நாக்கிலும் உதட்டிலும் எரியும். மிளகு தொண்டையில் கமறும். அரைத்த கடுகு சுரீரென்று மூக்கில் ஏறும், அதன் காரப்பொருள் ஆவியாகக் கூடியது என்பதால். ஏறிய வேகத்தில் இறங்கியும் விடும். ‘காரமா இருக்கு’ என்று பொதுவாகச் சொல்கிறவரிடம் ‘எங்கே?’ என்று கேட்டால் எது கூடிப்போனது என்று கண்டுபிடித்துவிடலாம்.

துவர்ப்பு ஒரு தொடு உணர்வு. நாவற்பழம், வாழைப்பூ, கடுந்தேநீர் இவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு சேர்ந்து திரண்டுவிடும். வழுக்கிக்கொண்டிருந்த நாக்கு சொரசொரப்பாகிவிடும், ‘நாக்கை இழுக்குது’ என்போம். மற்றச் சுவைகள் பழகப் பழகக் குறையும். துவர்ப்பு வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போகும். தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு குறைவது, எச்சிலின் புரதத்துக்குப் பதில் பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால்.

‘அரிக்கிறது’ என்பது இன்னும் வேறு. சேனையும் சேப்பங்கிழங்கும் நாக்கை நமநமக்க வைப்பது கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். நிஜமாகவே குத்துகின்றன. புளித்தண்ணீரில் வேகவைக்கச் சொல்வது அதற்குத்தான்.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்போடு ஐந்தாவது சுவையாகச் சேர்க்கப்படும் உமாமிக்கு மட்டும் நம்மிடம் வினைச்சொல் இல்லை. 1908-இல் ஜப்பானின் இகேடா கிகுனே கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து அந்தப் பெயரை வைத்தார். தக்காளி, காளான், கருவாடு எல்லாவற்றிலும் அது உண்டு. நம் பேச்சில் அதற்கு மிக அருகில் வருவது ‘நாக்குல நிக்குது’ என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் சமையலறையில் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது: உப்புப் பார்ப்பது. இதற்கென்றே ஒரு சொல்வரிசை இருக்கிறது. உப்பு மட்டாக இருக்கிறது என்றால் குறைவு, ஆனால் சாப்பிடலாம். ஒரு கல் குறைகிறது என்றால் மிகச் சிறிய குறை. திட்டமாக இருக்கிறது என்றால் சரி. தூக்கலாக இருக்கிறது என்றால் சற்றே அதிகம், சிலருக்குப் பிடிக்கும். கரிக்கிறது என்றால் கெட்டது. சப்பென்று இருக்கிறது, வாய்க்கு விளங்கவில்லை என்றால் உப்பு மட்டுமல்ல, புளிப்பும் காரமும் சேர்ந்து படுத்துவிட்டன என்று அர்த்தம். அங்கே உப்பை மட்டும் கொட்டினால் காரியம் ஆகாது.

கொதிக்கும் குழம்பைக் கரண்டியோடு நாக்கில் வைக்கிறவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். நாக்கு வெந்துபோகும்; சுவைமொட்டின் செல்கள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை என்பதால் திரும்ப வந்துவிடும், ஆனால் அன்றைய சமையலுக்கு அந்த நாக்கு உதவாது. அந்தச் சூட்டில் உப்பும் சரியாகப் பிடிபடாது. உள்ளங்கையில் கால் ஸ்பூன் விட்டு நக்கிப் பார்க்கும் பழக்கம் இதற்கு நல்ல மருந்து. கையில் பட்டதும் துளி வெதுவெதுப்புக்கு வந்துவிடும். நாக்கு முழுதும் பரவவிட்டு, மூன்று விநாடி பொறுத்து, பிறகு சொல்லுங்கள். உப்புப் போட்டதும் பார்க்கக் கூடாது. கரைந்து கலந்து ஒரு கொதி வரட்டும். அடுத்த முறை பார்ப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீர். நாலாவது தடவைக்கு மேல் உங்கள் நாக்கை நம்பாதீர்கள். அது உப்புக்குப் பழகியிருக்கும். வேறொரு நாக்கைக் கூப்பிடுங்கள். சோற்றில் பிசையப்போகும் குழம்பு தனியாகப் பார்க்கும்போது ஒரு கல் தூக்கலாகவே இருக்க வேண்டும். கரித்துவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடும் என்பது பெரும்பாலும் நம்பிக்கை. அது குழம்பின் அளவைக் கூட்டுகிறது, அவ்வளவே. தண்ணீரோ உப்பில்லாத பருப்போ தேங்காயோ சேர்ப்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

வாசனைக்கும் இதே கதி. ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்றவருக்குத் தன் சமையலின் மணம் தெரியாது, ‘வாசமே வரலையே’ என்று இன்னும் கொஞ்சம் பெருங்காயத்தைத் தட்டுவார். ஐந்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் தெரிந்துவிடும். பல் துலக்கிய கையோடும் எதையும் ருசி பார்க்க வேண்டாம். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இனிப்பை அமுக்கி, கசப்பைத் தூக்கிக் காட்டும்.

பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது சும்மா இல்லை. கசப்பை அடக்குவதில் சோடியம் கெட்டிக்காரன்; கொஞ்சமாக இருந்தால் தான் வெளியே தெரியாமல் இனிப்பை எடுத்துக்காட்டும். இனிப்பின் அளவைச் சூட்டோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுவைமொட்டில் இனிப்பின் சேதியைக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்ற கதவு, 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகப்போக நன்றாகத் திறக்கிறது. ஐஸ்கிரீம் உருகி வெதுவெதுப்பானால் திகட்டுவது இதனால்தான். குளிரவைத்துப் பரிமாறும் பாயசத்துக்குச் சூடாகப் பார்க்கும்போது இனிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கட்டும்.

திகட்டுவது, தெவிட்டுவது இரண்டும் வயிறு நிறைந்ததைச் சொல்பவை அல்ல. அந்த ஒரு ருசி போதும் என்று நாக்கும் மூளையும் சொல்வது. சோறு ஒரு வாய் இறங்காதவருக்கு இனிப்பு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உணவில் ஏற்பட்ட சலிப்பு அடுத்ததைத் தொடுவதில்லை. இனிப்பு, நெய், தேங்காய்ப்பால் மூன்றும் சேர்ந்தால் திகட்டல் சீக்கிரம் வரும், ஏனென்றால் கொழுப்பு நாக்கில் படலமாகப் படிந்து அடுத்த வாய்க்கு வழிவிடாது. பச்சைத் தண்ணீரால் அது போகாது. வெந்நீர் ஒரு மிடறு கொஞ்சம் கழுவும். ஊறுகாயை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தால் புளிப்பில் எச்சில் ஊறி வாய் சுத்தமாகும். மோர் இன்னும் நல்லது. வெற்றிலை வேண்டாம், அதன் காரமும் துவர்ப்பும் வாயில் தங்கிவிடும். இன்னொரு பதார்த்தத்தை ருசிபார்க்க வேண்டியிருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசிதான்.